பான்ரே நிரப்பிக் கொடுத்த கேன்

பான்ரே வீட்டுக்கு ஒரு கிண்ணத்தில் எதையாவது கொடுத்தனுப்புவதென்றால் எங்கள் கொரியக் கடலோர ஊரான பொல்கியோவில் கொஞ்சம் யோசித்துத்தான் செய்ய வேண்டும். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். மற்றவர்கள் இரண்டு ஆரஞ்சு, ஒரு கைப்பிடி எள் என்று ஏதோ போட்டுக் கடமையை முடித்துக்கொள்வார்கள். பான்ரே அப்படி விடமாட்டாள். நீங்கள் சின்னக் கிண்ணத்தில் சோயா விழுது அனுப்பினால் அந்தக் கிண்ணம் அவித்த மட்டிச் சிப்பி கோபுரமாகக் குவிந்து திரும்பி வரும். வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? நீங்கள் வேறு ஏதாவது அனுப்புவீர்கள். அது இன்னும் பெரிதாகத் திரும்பி வரும். இப்படியே போய், தெருக்கோடி வீட்டுக்காரி ஒருத்தி குளிர்காலம் முழுவதும் சிப்பியையே தின்று, கடைசியில் வீடு மாற்றிக்கொண்டு போனாள். ஒரு தடவை தபால்காரர் மழைத்தொப்பியை இவள் வீட்டில் மறந்துவிட்டுப் போக, மறுநாள் அந்தத் தொப்பி நிறையச் சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு தபால் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தக் குணம் அவளுக்குப் பிறவியில் வந்ததா, கல்யாணத்தில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. கல்யாணத்தில் வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அவள் புருஷன் தொக்சு எதையும் அரைகுறையாக விடுகிற மனுஷன். நல்லவர், ஒரு ஈயை விரட்டும்போதுகூட அதற்கு வலிக்குமோ என்று பார்ப்பவர், ஆனால் ஒரு வேலையை முடித்தார் என்ற பேச்சே கிடையாது. பாதிக் கூரைக்குச் சாயம் அடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கிவிடுவார். பாதி மரம் சீமைப்பனிச்சைப் பழம் பறித்துவிட்டு, மீதி பறவைகளுக்கு என்பார். வீட்டின் பின்பக்கச் சுவரை மகன் மான்சிக் தவழும்போது கட்ட ஆரம்பித்தார். மான்சிக்குக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, பூசானில் லாரி ஓட்டுகிறான். சுவர் இன்னும் இடுப்பு உயரம்தான்.

சுவர் ஒன்றுதான் பான்ரேயால் முடிக்க முடியாமல் போனது. மற்றதையெல்லாம் அவள் முடித்துவிடுவாள். காலையில் கடல் வற்றியதும் சேற்றில் பலகையைப் போட்டு, அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலால் உந்தித் தள்ளிக்கொண்டே போய் மட்டி வாரிவிட்டு வருவாள். வந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மீதிக் கூரைக்குச் சாயம் அடிப்பாள். யாராவது கேட்டால், அவர்தான் செய்தார் என்பாள். இதனால் ஊரில் தொக்சுவுக்கு நல்ல பெயர். எடுத்த காரியத்தை விடாத மனுஷன் என்று ஊர்ச் சங்கத்தில் ஒரு தடவை அவருக்குத் துண்டும் சோப்பும் பரிசாகக் கொடுத்தார்கள். உண்மை தெரிந்தவள் பக்கத்து வீட்டு பொக்சிம் ஒருத்திதான். இடுப்பு உயரச் சுவருக்கு அந்தப்பக்கம் குடியிருப்பவளுக்கு எதை மறைக்க முடியும்?

இப்படி இருந்த தொக்சுவுக்குப் போன இலையுதிர்காலத்தில் முகம் வெளுத்துப் போனது. பாலத்தில் ஏறினால் மூச்சு வாங்கியது. முதுகு வலி வேறு. கூடவே பான்ரேக்கும் முதுகு வலிதான், ஆனால் சேற்றில் பலகை தள்ளுகிறவளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று வலிப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். புருஷனை மட்டும் கடைத்தெரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சிவப்பு ரொம்பக் குறைவாக இருக்கிறது, வயதும் ஆகிவிட்டது, முதுகிலும் வலி என்கிறார், இது ரத்தத்தில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். தொக்சு வழக்கம்போல அந்தப் பேச்சில் பாதியைத்தான் காதில் வாங்கினார். அதுவும் முதல் பாதியை.

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவர் டாக்டர் மின் என்ற சின்ன வயசுப் பெண். சியோலிலிருந்து வந்தவள், பேச்சில் மாவு பூசியதுபோல ஒரு மென்மை. குப்பி குப்பியாக ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, பொறுமையாக விளக்கினாள். எலும்புக்குள் மஜ்ஜை இருக்கிறது, அங்கே ஒரு வகை செல்கள் கிருமிகளோடு சண்டை போட விதவிதமான புரதம் செய்கின்றன. சிலருக்கு அதில் ஒரு செல் மட்டும் கெட்டுப் பெருகி ஒரே புரதத்தையே செய்துகொண்டிருக்கும். அது ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் துண்டு துணுக்கு சிறுநீரில் இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பான்ரே இதைத் தன் வழியில் புரிந்துகொண்டாள். சந்தையில் எல்லோரும் சேர்ந்து கூவினால் அது சந்தை இரைச்சல். ஒருத்தி மட்டும் தொண்டை கிழிய ஒன்றையே கூவிக்கொண்டிருந்தால் அவள் யாரென்று கண்டுபிடித்துவிடலாம். பொக்சிம் மாதிரி.

அப்புறம் நர்ஸ் ஒரு பெரிய பழுப்புக் கேனைக் கொண்டுவந்து கொடுத்தாள். காலையில் முதலில் போவதை விட்டுவிடணும், அதற்கப்புறம் மறுநாள் காலை வரை போவதெல்லாம் இதில்தான், குளிர்ச்சியான இடத்தில் வைக்கணும். தொக்சு கூச்சத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பான்ரே கேனை இரண்டு கையாலும் வாங்கி, சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கழுத்து வரைக்கும் அளவுக் கோடு போட்டிருந்தது. அந்தக் கடைசிக் கோட்டை அவள் பார்த்த அந்த நொடியில்தான் வம்பு ஆரம்பித்தது.

தொக்சு கேனில் பிடித்த நாள், பான்ரே வீட்டில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாளாக அமைந்துவிட்டது. முற்றத்தில் உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் மலைபோல் கிடந்தது. பொக்சிம் உதவிக்கு வந்திருந்தாள். போன வாரம் அவள் வீட்டுக் கிம்ச்சிக்கு பான்ரே போயிருந்தாள், இந்த வாரம் அவள் இங்கே. இருவரும் சிவப்பு ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு மிளகாய் விழுதை இலை இலையாகத் தடவிக்கொண்டிருந்தார்கள். கேன், கிம்ச்சிக்கென்றே தனியாக வைத்திருந்த ஃப்ரிட்ஜில், முள்ளங்கித் தண்ணீர்க் கிம்ச்சி ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வீட்டில் அதைவிடக் குளிர்ச்சியான இடம் கிடையாது.

பிற்பகலில் பான்ரே கேனைத் தூக்கிப் பார்த்தாள். மனசு விட்டுப்போனது. தொக்சு தண்ணீர் குடிப்பதே அபூர்வம், எழுந்து போவதற்குச் சோம்பல்பட்டுக்கொண்டு குடிக்கமாட்டார். கேனின் அடியில் ஏதோ கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. நாளைக் காலை வரை முக்கி முனகினாலும் இது பாதி வராது. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, நம்மை நம்பி ஒரு பாத்திரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போய் அடியில் கொஞ்சமாக வைத்துத் திருப்பிக் கொடுப்பதா? அந்த நர்ஸ் பெண் என்ன நினைப்பாள்? இதுவும் அவர் விட்ட ஒரு அரை, அவ்வளவுதான். இதுவரைக்கும் எத்தனை அரையை முடித்திருக்கிறாள்.

கொல்லைப்பக்கக் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தாள். கேன் கொஞ்சம் தேறியது. ஆனாலும் கழுத்துக்கு ரொம்ப தூரம் இருந்தது. பான்ரே திரும்பி முற்றத்தைப் பார்த்தாள். பொக்சிம் காலையிலிருந்து பார்லி டீயாகக் குடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் பொக்சிம் கையிலிருந்த இலையைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னக்கா இது, கிம்ச்சி போட வான்னு கூப்புட்டுட்டு இதுக்கும் ஆள் சேக்குறீங்க."

"உன் வீட்டு வேலைக்கு நான் வந்தேனா இல்லையா?"

"அது முட்டைக்கோஸுக்கு வந்தீங்க."

"வந்தேன்ல. முட்டைக்கோஸோட நிறுத்துனேனா? உன் அவரைப் பந்தலை யாருடி கட்டுனது?"

அவரைப் பந்தல் உண்மைதான். பொக்சிம் முணுமுணுத்துக்கொண்டே உறையைக் கழற்றினாள். உங்க வீட்டுக்காரரு பேரைக் காப்பாத்த இன்னும் என்னத்தையெல்லாம்தான் குடுக்கணுமோ என்று அவள் சொல்லிக்கொண்டு போனது தெரு வரைக்கும் கேட்டது. சாயங்காலத்துக்குள் இன்னொரு தடவையும் போய்விட்டு வந்தாள், அதையும் சொல்லியாக வேண்டும். செய்வதென்று இறங்கிவிட்டால் பொக்சிம்மும் லேசுப்பட்டவள் இல்லை.

மறுநாள் கழுத்துக் கோட்டைத் தொட்ட கேனை பான்ரே துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய், குனிந்து இரண்டு கையாலும் நீட்டினாள். வாங்கிய ஆள் கனத்தில் கொஞ்சம் தடுமாறி, நிறைய இருக்கே பாட்டிம்மா என்றான். எங்க வீட்டுக்காரர் எதையும் அரைகுறையா செய்யமாட்டாருங்க என்று பான்ரே பெருமையோடு சொன்னாள். பக்கத்தில் நின்ற தொக்சுவும் அதை நம்பினார் என்பதுதான் வேடிக்கை. கேனை அவர் கடைசியாகப் பார்த்தது மூடியைத் திறக்கும்போதுதான், உள்ளே எட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு எப்போது இருந்தது?

பத்து நாளில் டாக்டர் மின் கூப்பிட்டாள். முகத்தில் சிரிப்பில்லை. சிறுநீரில் அந்தப் புரதத்தின் துண்டு இருக்கிறது. ஆனால் ரத்தம் சுத்தமாக இருக்கிறது. இது ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, குப்பி மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும், மறுபடியும் ரத்தம் எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். தொக்சு இதிலும் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வந்த மறுநாளே இறுதிச் சடங்குக்கு வைக்கும் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார். படத்தில் இடுப்புக்கு மேலேதான் தெரியும் என்பதால் மேலே மகன் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு, கீழே வயல் கால்சட்டை. ஸ்டுடியோக்காரன் தலைமுடியைக் கறுப்பாக்கி, கன்னச் சுருக்கத்தையெல்லாம் இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டான். படத்தைப் பார்த்த பொக்சிம், யாரு அக்கா இந்தப் பையன், செத்தது யாருன்னு வர்றவங்களுக்குத் தெரிய வேணாமா என்றாள். பான்ரே சிரிக்கவில்லை. அன்றைக்கு முதல்தடவையாக பொக்சிம்மைப் பார்த்து வாயை மூடு என்றாள்.

அப்புறம் தொக்சு சுவரைக் கட்டி முடித்துவிடுவது என்று கிளம்பினார். ஒரு சாந்துச் சட்டியைக் குழைத்தார், நாலைந்து கல்லை வைத்தார், உட்கார்ந்து அழுதார். சாந்து இறுகிப்போனது. அந்தச் சட்டி இன்றைக்கும் கல்லாக அங்கேதான் கிடக்கிறது.

பான்ரே வீட்டில் அழவில்லை. கடல் வற்றியதும் பலகையைத் தள்ளிக்கொண்டு மற்றப் பெண்கள் போகாத தூரத்துக்குப் போய், சேற்றுக்கு நடுவில் நின்று அழுதாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அவர் போய்விட்டால் அந்த வீட்டில் யார் ஆரம்பித்ததை அவள் முடிப்பாள்? எல்லாவற்றையும் தானே ஆரம்பித்துத் தானே முடிப்பது ஒரு வாழ்க்கையா? மூக்கைச் சிந்திவிட்டு, கூடை நிறைய மட்டி வாரிக்கொண்டு திரும்பினாள். முதுகு விண்விண் என்று தெறித்தது. இன்னொரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். கேனில் கலந்ததற்கும் ரிசல்ட்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. குழம்பில் தண்ணீர் விட்டால் அளவு கூடுமே தவிர குழம்பு வேறாகிவிடுமா என்பதுதான் அவள் கணக்கு. முட்டாள் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. ஊரில் பாதிப்பேர் அதையேதான் செய்திருப்பார்கள்.

அடுத்த தடவை டாக்டர் மின் தொக்சுவை விட்டுவிட்டு பான்ரேயைப் பார்த்துப் பேசினாள். ரத்தத்தை இரண்டாவது தடவையும் பார்த்தாயிற்று, எல்லா வகையிலும் சுத்தம். சிறுநீரில் இவ்வளவு இருந்தால் ரத்தத்தில் கொஞ்சமாவது தெரிய வேண்டும். அப்புறம் இன்னொன்று. தசையிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியே வரும் கழிவு ஒன்று உண்டு, ஆளைப் பார்த்தாலே அது எவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

"ஐயா இவ்வளவு ஒல்லியா இருக்காங்க. ஆனா கேன்ல இருந்த கணக்கு ரொம்ப ஜாஸ்தி. எனக்கென்னமோ அதுல மூணு பேர் இருக்காங்கன்னு தோணுதும்மா."

தொக்சு யாரோ பின்னால் நிற்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். பான்ரேயின் காது சிவந்துபோனது. ஊரில் இத்தனை வருஷமாக பொக்சிம்மைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாமல் செய்துவந்த காரியத்தை, முட்டைக்கோஸ் உப்பில் போடத் தெரியாத ஒரு சின்னப்பெண், ஒரு கேனை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாளே.

"பாத்திரத்தை எப்படிங்க டாக்டரம்மா காலியாத் திருப்பித் தர்றது" என்றாள் மெதுவாக.

டாக்டர் மின் சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் கையால் வாயை மூடிக்கொண்டாள். தொக்சுவுக்கு விஷயம் மெல்ல மெல்ல ஏறியது.

"அப்ப நான் சாகலயா?"

இல்லை என்றாள் டாக்டர். முதுகு வலிக்கு அவராகக் கடையில் வாங்கித் தின்ற மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது, அதுதான் சோகை, மருந்தில் சரியாகிவிடும். தொக்சு எழுந்து டாக்டருக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். நர்சுக்குச் சொன்னார். சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்துக்கும் சொன்னார். பான்ரே இத்தனை நாள் சேற்றில் அழுததில் மீதியை இங்கே உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

டாக்டர் மின் அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகுதான் கேட்டாள். அந்தப் புரதம் கேனில் இருந்தது உண்மை. அது இவருடையது இல்லை. அப்படியானால் மற்ற இரண்டு பேரில் யாருடையது?

பொக்சிம் இதைக் கேட்டதும் தனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே, இரவல் வாங்கி வருஷக்கணக்காகத் திருப்பாத சாமான்களையெல்லாம் தூக்கிக்கொண்டு சுவர்மேல் அடுக்கினாள். சூப்புச் சட்டி, மூங்கில் தட்டு, காணாமல் போய்விட்டதென்று சத்தியம் செய்திருந்த பித்தளைக் கரண்டி. ஒவ்வொன்றிலும் ஏதாவது போட்டிருந்தாள். உங்க வீட்டுக்காரரைப் பத்தி நான் பேசுனதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க அக்கா என்று மூக்கை உறிஞ்சினாள். தொக்சு தன் இறுதிப்படத்தை எடுத்த ஸ்டுடியோ விலாசத்தைத் தாராள மனசோடு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இரண்டு பெண்களும் ஒரே நாளில் ரத்தம் கொடுத்தார்கள். ஆளுக்கொரு கேன் கொடுத்து, வேறு யாரும் ஒரு சொட்டுகூடப் போடக் கூடாது என்று டாக்டர் மின்னே நேரில் வந்து சொன்னாள். பொக்சிம் ஊசியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு பான்ரேயின் கையைப் பிடித்துக்கொண்டாள். பான்ரே அவளைத் தட்டிக் கொடுத்து, உனக்கு ஒன்றும் இருக்காது, உன் வாய்க்கு எந்த நோயும் பக்கத்தில் வராது என்றாள்.

அவள் சொன்னது பலித்தது. பொக்சிம்முக்கு ஒன்றுமில்லை. பான்ரேக்குத்தான்.

டாக்டர் மின் சொன்னதை இந்தத் தடவை தொக்சு முழுசாகக் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். மஜ்ஜையில் அந்தக் கெட்ட செல் கொஞ்சம் பெருகியிருக்கிறது. எலும்பில் ஓட்டை விழவில்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, முதுகு வலி சேற்றுப் பலகையால் வந்ததுதான்.

"இன்னும் எரியலைம்மா, புகையுது அவ்வளவுதான். சில பேருக்கு வருஷக்கணக்கா இப்படியே இருக்கும். இப்ப மருந்துகூட வேணாம். ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தமும் பாக்கணும், கேனும் தரணும். எப்ப எரிய ஆரம்பிச்சாலும் நாம முதல்லயே பாத்துருவோம். நீங்க அன்னிக்கு அதுல ஊத்தலைன்னா இது இப்பத் தெரிஞ்சே இருக்காது."

பஸ்ஸில் வரும்போது பான்ரே வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பின் இருக்கையில் பொக்சிம், தனக்கில்லை என்ற சந்தோஷமும் அக்காவுக்கு என்ற துக்கமும் சேர்ந்து வர, எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டே அழுதாள்.

"மான்சிக் அப்பா" என்றாள் பான்ரே, ஆற்றுப் பாலம் வந்தபோது. "எனக்கு வந்ததைத் தூக்கி உங்க தலையில போட்டு, உங்களைப் போய்ச் சாவுக்குப் படம் எடுக்க வச்சிட்டேனே."

தொக்சு அவள் மடியில் இருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும்போது அதை மறந்து பஸ்ஸிலேயே விட்டுவிட்டார் என்பது வேறு விஷயம்.

மூன்று மாதம் ஓடியது. சீமைப்பனிச்சை துளிர்விட்டது. கறுப்பு முடியோடு சிரிக்கும் தொக்சுவின் படத்தைக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள், வீணாக்குவானேன் என்று. பான்ரே ஆஸ்பத்திரியிலிருந்து புதுக் கேனை வாங்கி வந்து, டாக்டரம்மா சொன்னது சொன்னபடி காலையிலிருந்து பிடித்தாள். எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் என்று தன் மனசுக்கு நூறு தடவை சொல்லிக்கொண்டாள். அரைக் கேனைக் கொண்டுபோய் நீட்டுவதை நினைத்தாலே அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். மதியம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு மட்டி கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.

சாயங்காலம் கிம்ச்சி ஃப்ரிட்ஜைத் திறந்து கேனைத் தூக்கியவளுக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொள்ளப் பார்த்தது. மூடியைத் திறந்தாள். கழுத்துக் கோடு வரைக்கும் ததும்பிக்கொண்டிருந்தது.

முதலில் சுவர்ப்பக்கம்தான் திரும்பினாள். பொக்சிம், சத்தியமா நான் இல்லக்கா, நான் இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று கையைத் தூக்கினாள். அப்புறம்தான் சமையலறை மேடையைப் பார்த்தாள். பார்லி டீக் கெண்டி காலியாக இருந்தது. பெரிய பானையும் காலி. தண்ணீர் குடிக்கவே சோம்பல்படும் அந்த மனுஷன் கழிப்பறைக் கதவைத் திறந்துகொண்டு, வயிறு உப்பி, களைத்துப்போய், ஒரு சின்ன டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன காரியம்யா பண்ணிவச்சிருக்கீங்க" என்றாள் பான்ரே.

தொக்சு டம்ளரைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். பிறகு மறைக்காமல் விட்டுவிட்டார்.

"என்னுது சுத்தம்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல. ரெண்டு தடவை பாத்துட்டுச் சொன்னாங்க. அதான் என்னுதை நிறைய ஊத்துனா, உன்னுதுல இருக்கறது கொஞ்சமாப் போயிரும்ல. மூணுல ஒரு பங்காயிரும்ல."

திட்டுவதற்கு வாயைத் திறந்த பான்ரே அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். கேன் மடியில் இருந்தது. நாளை பஸ்ஸுக்குப் போக முடியாது, ஆஸ்பத்திரிக்கு போன் செய்து சொல்ல வேண்டும், இதைக் கொட்டிவிட்டுக் கேனைக் கழுவி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் எழுந்திருக்க மனசு வரவில்லை. கேன் ஒரு சொட்டு குறையாமல் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் ஒரு வேலையை முழுசாக முடித்து அவள் பார்த்தது இது ஒன்றைத்தான். அதைப் போய் எப்படிக் கொட்டுவாள்?

"பாதியில விட்டுரலாம்னுதான் பாத்தேன்" என்றார் தொக்சு, தப்புச் செய்தவர்போல. "முடியல."

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து போய் அதைச் சீமைப்பனிச்சை மரத்தடியில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, கேனைத் தேய்த்துக் கழுவிச் சுவர்மேல் கவிழ்த்துவைத்தாள். மறுநாள் தொக்சுவைக் கழிப்பறைப் பக்கம் தனியாக விடாமல், தன் கூடவே உட்காரவைத்து மட்டி உரிக்கச் சொன்னாள். அவர் பாதிக் கூடை உரித்தார். மீதியை அவள் உரித்தாள். அதற்கடுத்த நாள் காலை, ஆஸ்பத்திரி ஜன்னலில், பாதிக்கும் கீழே நின்ற கேனை இரண்டு கையாலும் நீட்டி, "இவ்வளவுதாங்க, எங்க வீட்டுல இப்ப இவ்வளவுதான் இருக்கு" என்றாள். வாங்கியவன் போதும் பாட்டிம்மா என்றான். அவள் பின்னால் நின்ற தொக்சு, கேன் வந்த காலிப் பையை மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டார்.